இரண்டாவது ஆள்

அவசரக்காரர் அந்தக் கடைக்குப் போகக்கூடாது. போனால் வயிறு எரிந்துதான் திரும்பவேண்டும்.

விசுவமடுச் சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், முல்லைத்தீவு வீதியோரமாக, ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைகள். ஒன்று என்னுடைய தையல் கடை. மற்றது ஒரு அக்காவுடையது. இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். போட்டோக்கொப்பி, பாஸ்போட் சைஸ் படம், விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது, லமினேற், போனுக்குக் காசு போடுகிற ரீலோட் என்று எல்லாம் அவரிடம் நடக்கும். மீள்குடியேறிய புதிதில், வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கச் சனம் வரிசையில் நின்ற காலத்தில் திறந்த கடை. அதனால் கொமினிகேசன் என்று பெயர் விழுந்தது. கோல் எடுக்க ஒருவரும் வராத இந்தக் காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை. அவரும் கொமினிகேசன் அக்காதான். சொந்தப் பெயர் பாதிச் சனத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் இங்கே எழுதினால், "ஒரு ஆள் காணாது பிள்ளை, ரெண்டாவது ஆளும் சொல்லவேணும்" என்பார். ஆகவே விட்டுவிடுகிறேன்.

ஒரு ஆள் காணாது. அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது, ஒருவர் சொன்னால் போதாது என்கிற இதைத்தான். ரீலோட் போட வருகிறவர் நம்பரைச் சொல்வார். அக்கா எழுதி, வாசித்துக் காட்டுவார். வந்தவர் ஓம் என்பார். அதோடு முடிந்ததா? பின்னால் நிற்கிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் உதை ஒருக்கா வாசியும், அண்ணை திரும்பச் சொல்லட்டும்" என்பார். பின்னால் நிற்கிறவருக்குப் பஸ் வந்துகொண்டிருக்கும். அவர் வாசிப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருநாள் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த மரக்கறி வியாபாரி ஒருவர், வீதியில் யானை நிற்கிறது, பஸ்ஸெல்லாம் மறிபட்டுக் கிடக்கிறது என்று மூச்சுவாங்கச் சொன்னார். சந்தியே பரபரத்துப் போனது. அக்கா மட்டும் தலையை நிமிர்த்தாமல், "உங்களோட வேற ஆர் கண்டது?" என்று கேட்டார். அந்த மனுசன் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கும் அவருக்கும் ஒத்துவராத இடமும் இதுதான். நான் நாயாற்றுக் கரையில் பிறந்தவள், படகு வந்தால் உடனே மீனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சனம் நாங்கள். ஒருதரம் அளப்பேன், வெட்டுவேன், தைப்பேன். அவர் என்னிடம் முதன்முதலில் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தபோது அளவெடுத்தேன். துணியைத் தராமல் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை வந்து, கிளிநொச்சியில் வேறொரு தையல்காரியிடம் அளவெடுத்துப் பார்த்ததாகவும் இரண்டும் சரியாக இருப்பதாகவும் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒத்துப்போச்சு பிள்ளை!" என்றார், எனக்குப் பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேசையில் எறிந்தேன். கன நாள் கதைக்கவில்லை. சட்டையை மட்டும் தைத்துக் கொடுத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது, இல்லாமல் எங்கே போகும்.

சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. ஒரு மகன் தகப்பனுடைய மரண அறிவித்தல் அடிக்க வந்தான். அக்கா எல்லாவற்றையும் அடித்து முடித்து, பிரின்ற் எடுக்கும் நேரத்தில் கையை எடுத்துவிட்டார். "வேற ஒரு ஆளும் வந்து சொல்லவேணும்" என்றார்.

"என்ர அப்பா செத்தது எனக்குத் தெரியாதோ?" என்று அந்தப் பிள்ளை கத்தினான். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத் தையல் பிசகிவிட்டது.

"தெரியும் ராசா. உம்மில பிழையில்லை. ஒரு ஆள் காணாது."

அவன் அழுதுகொண்டு போய்ச் சித்தப்பாவைக் கூட்டிவந்தான். சித்தப்பா சொன்னபிறகுதான் தாள் வெளியே வந்தது. அன்று பின்னேரம் நான் போய் நன்றாக ஏசினேன். செத்த வீட்டுச் சனத்திடமுமா உங்கள் விசர்? மனிதத்தன்மை இல்லையா? அவர் லமினேற் மிசினுக்குள் ஒரு அடையாள அட்டையைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அட்டை மறுபக்கத்தால் சூடாக வந்தது. அதை ஊதி ஆற்றிவிட்டுத்தான் கதைத்தார்.

"எனக்கு அந்தியேட்டி நடந்தது தெரியுமோ உமக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அந்தியேட்டி என்பது செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் சைவக்காரர் செய்கிற கிரியை. வேதக்காரியான எனக்கும் அந்த அளவு தெரியும்.

கடைசி யுத்தத்தில் அவர் குடும்பம் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோனார்கள். அவருக்கு விலாவில் காயம். வேறு ஊர் ஆஸ்பத்திரி, பிறகு வேறு முகாம் என்று மாதக்கணக்காகப் போயிற்று. தாய் வவுனியா முகாமில். அங்கே அவர்கள் ஊர் ஆள் ஒருவர் வந்து, மகளின் உடலைக் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. யாரையோ கண்டிருக்கிறார், அதே நிறத்துச் சட்டை. தாய் நம்பிவிட்டார். முகாமுக்குள்ளேயே ஒரு ஐயரைப் பிடித்து, கிடைத்ததை வைத்துக் கிரியையும் முடித்துவிட்டார்கள். அக்காவுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளைக்கும் செய்தி போனது. அவர் கொஞ்சக் காலம் அழுதுவிட்டு, வேறு கலியாணம் செய்து வெளிநாடு போய்விட்டார். அவரிலும் பிழையில்லை என்றுதான் அக்கா சொன்னார்.

"நான் போய்க் கூடாரத்து வாசலில நிக்கிறன். அம்மா என்னைப் பாக்கிறா. ஓடிவந்து கட்டிப்பிடிக்கேல்லை. பின்னால போறா, பின்னால போறா. பேந்து பக்கத்துக் கூடாரத்து மாமியைக் கூப்பிட்டா. 'மாமி, ஒருக்கா வாங்கோ, இது என்ர பிள்ளையோ எண்டு பாருங்கோ' எண்டா. மாமி வந்து என்ர முகத்தைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, 'ஓமடி, உன்ர பிள்ளைதான்' எண்டா. அதுக்குப் பிறகுதான் அம்மா அழுதவா."

அட்டையை உரியவருக்கு உறையில் போட்டுவைத்தார். "அந்த மாமி வந்திராட்டி நான் அம்மாவுக்கு இண்டைக்கும் பேய்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு ஒரு உதவி செய்யவேணும் பிள்ளை. நான் செத்தால் ரெண்டு பேர் பாக்கவேணும். ஒருத்தன்ர கதையில என்னை விடாதையும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா" என்றேன்.

"ஓம் எண்டு சொல்லும்."

"ஓம்."

தாய் பிறகு செத்துப்போனார். பார்த்துச் சொன்ன மாமி பிள்ளைகளோடு கனடாவில். கூடப்பிறந்தவர் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, கதிரையை மேசைக்குள் தள்ளிவைத்துவிட்டுப் படுப்பார். என் வீட்டில் மாமியார், மச்சாள், பிள்ளைகள் என்று காதடைக்கும். அவர் வீட்டில் ஒரேயொரு சத்தம் இருந்தது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

பலகைத் தடுப்பு வழியாக நாள் முழுவதும் ஒரு இரைச்சல் கேட்கும். கணினிக்குள் இருக்கும் காற்றாடியின் சத்தம். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடையைப் பூட்டினாலும் ஓடும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். கரண்ட் போனால் நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். "என்னக்கா, உதுக்கு ஓய்வு ஒழிச்சலே இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்குத்தான் கூட்டிப்போய்க் காட்டினார். கருப்புத் திரையில் வரி வரியாக இலக்கங்கள் ஏறிக்கொண்டிருந்தன.

விசயம் இதுதான். அந்தக் கணினி பழையது. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தவர், அது நல்ல மிசினா என்று சோதிக்க ஒரு புரோகிராமை ஓடவிட்டார். உலகத்திலேயே கடுமையான கணக்கைக் கொடுத்து மிசினை வறுத்தெடுக்கிற புரோகிராம். நல்ல மிசின் என்றால் தாங்கும், பழுதென்றால் பிழையான விடை சொல்லும். மிசின் தாங்கியது. மனுசன் புரோகிராமை எடுக்க மறந்து போய்விட்டார். அக்கா போன் எடுத்து, இது என்ன செய்கிறது என்று கேட்டார். முதன்மை எண் தேடுகிறது என்றார் அவர்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் பிரிக்க முடியாத எண். இந்தியப் புத்தகங்களில் பகா எண் என்று போட்டிருக்கும். அதில் மிக மிகப் பெரியவற்றை, எழுதினால் ஒரு கோடிக்கு மேல் இலக்கம் வருகிறவற்றை, உலகம் முழுவதும் இருக்கிற ஆட்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்துத் தேடுகிறார்கள். ஆளுக்கொரு எண் தருவார்கள். மிசின் மாதக்கணக்காக ஓடி, முதன்மை எண்ணா இல்லையா என்று சொல்லும். அநேகமாக எப்போதும் இல்லை என்றுதான் வரும். ஒன்று அகப்பட்டால் உலகச் செய்தி. அது எப்போதாவதுதான் நடக்கும், வருசக்கணக்கில் ஒன்றும் வராது.

"அப்ப உங்களுக்கும் ஒருநாள் அகப்படுமோ?" எனக்கு ஆசை பிடித்துவிட்டது.

"எனக்கு அகப்படாது. நான் ரெண்டாவது ஆள்."

அங்கேயும் அதே கதைதான்! ஒருவர் ஒரு எண்ணை ஓட்டி இல்லை என்று சொன்னால் அந்த ஆட்கள் அதை அப்படியே எடுப்பதில்லையாம். மிசின் சூட்டில் பிழைவிட்டிருக்கலாம். அதனால் வருசங்கள் கழித்தென்றாலும் அதே எண்ணை இரண்டாவதாக ஒருவரிடம் கொடுப்பார்கள். முடிவில் இருவருக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குட்டி வரி விடையாக வரும். அது இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணின் கணக்கு மூடப்படும். முதல் ஆளின் விடையை முழுதாகக் காட்டவும் மாட்டார்கள், பார்த்து எழுதக்கூடாது என்று. புது எண்ணைத் தேடத்தான் எல்லாருக்கும் ஆசை. சரிபார்க்கிற வேலைக்கு ஆள் குறைவு. அக்கா அதைக் கேட்டு வாங்கிச் செய்தார்.

"இதில உங்களுக்கு என்னக்கா கிடைக்கும்?"

"முதல் ஆள் பிழைவிடேல்லை எண்டு தெரியும்."

"தெரிஞ்சு?"

"அவர் தனிய நிக்கமாட்டார்" என்றார்.

முதல் ஆட்களுக்கு முகமில்லை, ஊரில்லை. தாங்களே வைத்துக்கொண்ட ஆங்கிலப் பட்டப்பெயர்கள் மட்டும். அக்கா அகராதி பார்த்து அவற்றைத் தமிழாக்கி வைத்திருந்தார். பனிக்கரடி, தேயிலைக்கோப்பை, மூன்றுகால் நாய். பக்கத்து வளவு ஆட்களைப் போலக் கதைப்பார். "இண்டைக்குத் தேயிலைக்கோப்பையோட ஒத்துப்போச்சு" என்று தடுப்பில் தட்டிச் சொல்வார். "அவருக்கு என்ர சுகத்தைச் சொல்லுங்கோ" என்று நானும் கத்துவேன். பனிக்கரடிதான் அவருக்குப் பிடித்தவர். அவருடைய எண்கள் பலதரம் அக்காவிடம் வந்திருந்தன, ஒன்றும் பிசகியதில்லை. "வடிவாச் செய்யிற ஆள் பிள்ளை" என்பார். வன்னி வெயிலில் தகரக் கூரை கொதிக்கும்போது மேசைக் காற்றாடி கணினியின் பக்கம் திரும்பியிருக்கும். அக்கா பழுதாகிப்போன லமினேற் அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டு இருப்பார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை தடுப்பில் தட்டு விழுந்தது. இரண்டு தட்டு வழக்கம். அன்றைக்குத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை, ஒருக்கா வாரும். உதை வாசியும்."

திரையில் வியப்புக்குறிகளோடு ஒரு ஆங்கில வரி. என் ஆங்கிலம் நூல் பெட்டியில் எழுதியிருக்கிற அளவுதான். கூட்டிக்கூட்டி வாசித்தேன். "பிரைம் எண்டு கிடக்கு அக்கா."

"இன்னொருக்கா."

"பிரைம்தான்."

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். அந்த எண் பனிக்கரடியினது. வருசங்களுக்கு முன் அவர் இல்லை என்று சொன்னது. இப்போது அக்காவின் மிசின் ஓம் என்கிறது. "பனிக்கரடி பிழைவிட்டிட்டாரோ? பாவம்" என்பதுதான் அவருடைய முதல் கதை. பிறகு என் கையைப் பிடித்தார். "ஆருக்கும் சொல்லக்கூடாது பிள்ளை. இனி வேற ஆக்கள், வேற மிசினில, வேற புரோகிராமில ஓட்டிப் பாப்பினம். எல்லாரும் ஒத்துப்போனால்தான் வெளியில சொல்லலாம். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது."

நான் விடவில்லை. என்னைத் தெரிந்தவர் யாரும் இதை நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. புருசனுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தோனியார் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி மட்டும் கொளுத்தினேன், எதற்கென்று அந்தோனியாருக்கும் விளக்கமாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அக்கா வேறு ஆளாக இருந்தார். பொட்டு வைத்தார். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துப் பாடினார். ஒருவருக்கு நம்பரை ஒரேதரம் கேட்டு ரீலோட் போட்டார், நான் என் கண்ணால் பார்த்தேன். அது சரியாகப் போய்ச் சேர்ந்தது.

ஹாட்வெயார் கடை அண்ணை எங்கள் வர்த்தகர் சங்கத்தின் தலைவர். பெரிய உடம்பு, பெரிய குரல், நல்ல மனம். சங்கத்துக் கடிதம் ஒன்று அடிக்க வந்தவர் அக்காவைப் பார்த்து, "என்ன தங்கச்சி, முகம் வெளிச்சமாக் கிடக்கு? ஏதும் நல்ல செய்தியோ?" என்று கேட்டார். எத்தனையோ வருசமாக ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மிசினை நிறுத்திவிட்டேன். சொல்லாதேங்கோ, சொல்லாதேங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். அக்கா சொல்லிவிட்டார். ஒரு ஆள் காணாது என்று ஊரையே வாட்டியெடுத்த மனுசி, இரண்டாவது ஆள் வருமுன்னம் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் நல்லதோ கெட்டதோ சந்தியில் பதாகை கட்டாமல் நடக்காது. சோதனையில் நல்ல பெறுபேறு வந்தாலும் பதாகை, ஆள் செத்தாலும் பதாகை. தலைவர் அண்ணை அன்றே கிளிநொச்சிக்கு ஆள் அனுப்பினார். படம் எடுக்கவும் கஷ்டமில்லை. பாஸ்போட் சைஸ் படத்துக்கு மாதிரியாக அக்கா தன் படத்தையே கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தார். அடுத்தநாள் காலை, சந்தியில் ஆள் உயரத்துக்கு அக்காவின் முகம். "உலகின் மிகப்பெரிய எண்ணைக் கண்டுபிடித்த எங்கள் மண்ணின் மகளுக்கு வாழ்த்துகள்."

அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். "மிகப்பெரிய எண் எண்டு ஒண்டு இல்லையே அண்ணை. எதோடையும் ஒண்டைக் கூட்டலாம்" என்று மட்டும் சொன்னார். தலைவர் அண்ணை சிரித்து அவர் முதுகில் தட்டினார்.

பஸ்ஸில் போகிறவருக்கு எழுத்தா தெரியும், முகம்தான் தெரியும். பின்னேரம் பஸ்ஸால் இறங்கிய ஒரு மனுசி கடை வாசலில் தலையிலடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அக்காவின் பழைய ஊர்க்காரி. "என்ர குஞ்சு, திரும்பவும் போயிட்டியோ!" என்று அழுதார். அக்கா உள்ளேயிருந்து வந்து, "இருக்கிறன் மாமி. வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோனார்.

பதாகையில் நிறம் மங்குவதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. தடுப்பில் ஒரேயொரு தட்டு.

"நீரும் ஒருக்கா வாசியும்" என்றார். அகராதியைத் தானே எடுத்து வைத்தார். மரியாதையான கடிதம். இரண்டு பேர் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தார்களாம். அது முதன்மை எண் இல்லை. இருவருடைய விடையும் முதல் ஆளின் பழைய விடையோடு ஒத்துப்போகிறது. உங்கள் கணினியின் நினைவகத்தில் பழுது இருக்கலாம், தயவுசெய்து சோதித்துப் பாருங்கள். உங்கள் நேரத்துக்கு நன்றி.

நான் வாசித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் விளங்கினது சரிதானே?" என்றார்.

"சரிதானக்கா."

"பனிக்கரடி சரி" என்றார். "அவர் அண்டைக்கே சரியாத்தான் சொன்னவர்." அதில் ஒரு ஆறுதலும் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பெரிய கத்தரிக்கோலைக் கேட்டார். கொடுத்தேன். சந்தி மரத்தடியில் ஏணியைச் சாத்தும்போது தலைவர் அண்ணை கடையிலிருந்து ஓடிவந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "விடு தங்கச்சி, இருக்கட்டும். ஆர் உதைப் போய்ப் பாக்கப்போகினம்? நாங்கள் எல்லாரும் உன்னை நம்புறம்" என்றார். உண்மையாகவே நம்பினார், பாவம்.

"நம்பவேண்டாம் அண்ணை" என்றார் அக்கா ஏணியில் நின்றபடி. "ஆராவது பாத்தால் காணும்."

நான்கு மூலையையும் வெட்டினார். முகம் மடிந்து கீழே விழுந்தது. அன்றே ஒரு அறிவித்தல் அடித்தார்: அந்த எண் முதன்மை எண் அல்ல, பிழை என்னுடைய கணினியில், வருந்துகிறேன். தான் கையெழுத்து வைத்து, கீழே இன்னொரு கோடு கீறி என்னிடம் நீட்டினார். இரண்டாவது ஆளாக நான் வைத்தேன். அது வெயிலில் மஞ்சளாகும்வரை கடைக் கண்ணாடியில் இருந்தது. கொஞ்சக் காலம் சனம் பகிடி பண்ணியது, பிறகு மறந்தது. அக்கா நினைவகத்தை மாற்றி, சோதித்து, திரும்பவும் இரண்டாவது ஆளாகத் தொடங்கினார். மீண்டும் எல்லாருக்கும் இரண்டுதரம் நம்பர் கேட்டார். பொட்டு மட்டும் பிறகு வைக்கவில்லை.

போன மாரிக் காலத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. பழைய காயத்தின் பக்கம் என்றார்கள். அம்புலன்சில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "மிசினை நிப்பாட்டாதையும், இன்னும் முடியேல்லை" என்றார். வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று ஆட்டுக்கால் சூப்புக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அவருடைய போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல். கடைசியாக எடுத்த நம்பர் என்னுடையது என்பதால் எடுத்தார்களாம். அந்தக் குரல் சொன்னதை நான் ஏற்கவில்லை. "ஒரு ஆள் காணாது" என்று சொல்லிவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் என்ன நினைத்தார்களோ. இரண்டுதரம் இந்த மனுசியைச் செத்தவர் என்றார்கள். இரண்டுதரமும் பிழை. மூன்றாம் தரமும் ஏன் பிழையாக இருக்கக்கூடாது? ஹாட்வெயார் கடைக்கு ஓடி, தலைவர் அண்ணையைப் பட்டா என்கிற சின்ன லொறியை எடுக்கச் சொன்னேன். வழி முழுவதும் செபமாலையை உருட்டிக்கொண்டு, பிழையாக இருக்கவேணும் ஆண்டவரே, யாரோ வேறு ஒருத்தியாக இருக்கவேணும் என்றுதான் கேட்டேன். அந்த வேறு ஒருத்திக்கும் யாராவது இருப்பார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிரேத அறை வாசலில் நின்றவர், "என்ன முறை?" என்று கேட்டார்.

"பக்கத்துக் கடை" என்றேன்.

துணியை விலக்கினார். நான் பார்த்தேன். நான் தைத்த சட்டை. நான் எடுத்த அளவு. ஆனால் சட்டையை நம்பி ஒருதரம் பிழைவிட்டது எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"சரி, ஒரு ஆள் காணும். வந்து கையெழுத்து வையுங்கோ" என்றார் அவர்.

"காணாது" என்றேன். "ரெண்டாவது ஆளும் பாக்கவேணும்."

தலைவர் அண்ணைக்குப் பிரேதம் என்றால் பயம். சொந்தத் தகப்பனுடைய முகத்தையும் பார்க்காதவர். வாசலுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னாலை ஏலாது பிள்ளை. நீ பாத்திட்டாய்தானே, உன்னை நான் நம்புறன்" என்றார்.

"நம்பவேண்டாம் அண்ணை. வந்து பாருங்கோ."

அந்தப் பெரிய உடம்பை முழங்கையில் பிடித்து உள்ளே இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மேசைக்கருகில் வந்து திறந்தார்.

"ஓம்" என்றார். "தங்கச்சிதான்."

"இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ."

குனிந்து பார்த்தார். அவர் கண்ணீர் துணியில் விழுந்தது. "ஓம் பிள்ளை. அவாதான்."

நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

எல்லாம் முடிந்து விசுவமடு வந்து அவர் கடையைத் திறந்தேன். இரைச்சல் அப்படியே கேட்டது. மேசைக் காற்றாடி கணினியைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் வரிகள் ஏறின. அந்த எண்ணின் முதல் ஆள் பனிக்கரடியோ, தேயிலைக்கோப்பையோ, வேறு யாரோ, எனக்குத் தெரியாது. எங்கேயோ ஒருவர், எப்போதோ சொல்லிவிட்டு, இரண்டாவது ஆள் வரும்வரை நிற்கிறார். கதிரையை மேசைக்குள் தள்ளிவைத்தேன். மிசினை நிறுத்தவில்லை.